ஒரே சேர்வர், தனித்தனி அறைகள்: மெய்நிகர் நெட்வேர்க் வடிவமைக்க ஒரு முழு வழிகாட்டி

திருகோணமலை உப்புவெளியில் முப்பது அறைகள் கொண்ட ஒரு ஹோட்டல். வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு ரூட்டர், ஒரு ஸ்விச், கேமராப் பதிவுப் பெட்டி, பில் போடும் பழைய கணினி. எல்லாமே ஒரே நெட்வேர்க். ஒரு ஓகஸ்ட் மாதம், சீசன் உச்சத்தில், தங்கியிருந்த ஒருவர் தன் கைபேசியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நீச்சல் தடாகத்துக் கேமரா அதில் ஓடிக்கொண்டிருந்தது. விருந்தினர் வைஃபையில் இருந்தபடி ஒரு ஸ்கேன் செயலியைத் திறந்திருக்கிறார். கேமராவின் முகவரி வந்திருக்கிறது. கடவுச்சொல் பெட்டியோடு வந்ததேதான். நல்ல மனிதர், சொல்லிவிட்டுப் போனார். மனேஜர் எனக்கு அழைத்து, "தம்பி, அறைக்கு வந்த ஆள் குசினிக்குள்ள நிண்டு சமைக்கிற மாதிரி எல்லோ கிடக்கு" என்றார்.

மாரி தொடங்கி ஹோட்டல் வெறிச்சோடிய நவம்பரில்தான் வேலையில் கைவைத்தேன். கிழக்குக் கரையில் இது ஒரு வசதி: ஒக்டோபருக்குப் பிறகு எதையும் உடைத்துத் திருத்தலாம், திட்டுவதற்கு ஆள் குறைவு. அங்கே செய்ததையும், செய்த பிழைகளையும் வைத்து இதை எழுதுகிறேன். மென்பொருளாக, ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் புரொக்ஸ்மொக்ஸையும், ஃபயர்வோலாக (எது எங்கே போகலாம் என்று பார்க்கும் காவலாளியாக) ஓபிஎன்சென்ஸையும் எடுத்துக்கொண்டேன். இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் வரிசை இதேதான்.

எதைச் செய்யப் போகிறோம்?

வாங்கியது 32 ஜிபி நினைவகம் உள்ள ஒரு பாவித்த கணினி, அமைப்பை மாற்றக்கூடிய 16 போர்ட் (வயர் குத்தும் துளை) ஸ்விச் ஒன்று, அவ்வளவுதான். கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகள், அதாவது மென்பொருளால் ஆன கணினிகள். ஒரே வயரில் பல நெட்வேர்க்குகள். ஒரே வயரில் எப்படிப் பல? வயரில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் தலையிலும் 4 பைட் அளவில் ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது. அதில் 12 பிட் நீளத்தில் ஒரு எண் இருக்கும். அந்த எண்தான் வீலான். 0, 4095 இரண்டையும் கழித்தால் 4094 வீலான்கள் கிடைக்கும். நமக்கு ஏழோ எட்டோ போதும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரே முற்றத்தில் ஏழு கிணறுகள், கையெட்டும் தூரத்தில். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டு, ஒவ்வொன்றிலும் வேறு சூடு. நாம் கட்டப் போவதும் அந்தக் கட்டுகளைத்தான்.

படி 1: யார் யாரோடு கதைக்கிறார்கள் என்று எழுதுங்கள்

கணினியைத் தொடாதீர்கள். ஒரு கொப்பியை எடுத்து, ஹோட்டலில் ஓடும் ஒவ்வொரு செயலியின் பெயரையும் எழுதி, அது எதோடு கதைக்க வேண்டும் என்று பக்கத்தில் எழுதுங்கள். இயந்திரத்தின் பெயரை அல்ல, செயலியின் பெயரை. "வரவேற்புக் கணினி" என்று எழுதினால் அதில் பில்லும் இருக்கும், முன்பதிவும் இருக்கும், யாரோ ஒருவருடைய யூடியூப்பும் இருக்கும். பிரித்து வைக்க வேண்டியது செயலியை.

என் கொப்பியில் இருந்தது ஏறக்குறைய இப்படி (எண்கள் செயலிகளின் போர்ட், அதாவது உள்ளே போகும் கதவு எண்; ஸ்விச்சின் துளை அல்ல):

முன்பதிவு வெப் பக்கம்: வெளியுலகிலிருந்து 443. தரவுத்தளத்துக்கு 5432.
பில் செயலி: குசினிப் பிரிண்டருக்கு 9100. கணக்கு சேர்வருக்கு 443.
கார்ட் மெஷின்: வங்கியோடு மட்டும். உள்ளே யாரோடும் இல்லை.
கேமராக்கள்: பதிவுப் பெட்டியோடு 554. நேரம் கேட்க 123. இன்டர்நெட் வேண்டாம்.
விருந்தினர் கைபேசிகள்: இன்டர்நெட் மட்டும்.

துறைமுக ஊரில் போர்ட் என்று சொன்னால் முதலாளி கொட்டியார் குடாவை நினைப்பார். கதவு எண் என்று சொல்லிக்கொடுங்கள், உடனே பிடிபடும்.

இந்தப் பட்டியலுக்கு நான் இரண்டு நாள் எடுத்தேன். மிச்ச வேலை முழுவதற்கும் மூன்று நாள். பட்டியலில் வராத உரையாடல் எதுவும் நடக்கக்கூடாது என்பதுதான் முழு வடிவமைப்பும். அதனால் இங்கே விட்டது எல்லாம் பிறகு ஒரு சனிக்கிழமை இரவு தொலைபேசி அழைப்பாக வந்து சேரும். மேலே உள்ள குசினிப் பிரிண்டரை முதலில் நான் விட்டிருந்தேன். வந்தது.

படி 2: வலயங்களாகப் பிரியுங்கள்

ஒரே மாதிரி ஆபத்தும் ஒரே மாதிரி தேவையும் உள்ளவை ஒரு வலயம். புதிதாகச் செய்பவர்கள் இங்கே அளவு மீறுவார்கள். ஒவ்வொரு செயலிக்கும் ஒரு வலயம், ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒரு வலயம் என்று இருபது வரும். ஒரு மாதம் கழித்து ஏதோ வேலை செய்யவில்லை என்று அவசரத்தில் யாராவது "எல்லோரும் எல்லோரோடும் கதைக்கலாம்" என்று ஒரு விதியைப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஒரு வரியோடு இருபது வலயமும் பழையபடி ஒரே நெட்வேர்க். பராமரிக்க முடியாத பிரிப்பு பிரிப்பே அல்ல. உங்களுக்குப் பிறகு வரும் பொடியனுக்கும் ஒரு பார்வையில் விளங்க வேண்டும். நான் ஏழோடு நிறுத்தினேன்.

படி 3: எண்ணிலேயே பொருள் இருக்கட்டும்

மேலாண்மை (சேர்வரையும் ஸ்விச்சையும் அமைக்கப் போகும் வழி) 10, பில் 20, முன்பதிவு வெப் 30, தரவுத்தளம் 31, கேமரா 40, விருந்தினர் 50, அலுவலகம் 60. இவை வீலான் எண்கள். வெளி இணைப்புக்கு 99. முகவரியில் இரண்டாம் எண் இடத்தைக் குறிக்கட்டும், மூன்றாம் எண் வீலானைக் குறிக்கட்டும். உப்புவெளி 1 என்றால் பில் வலயம் 10.1.20.0/24. நாளை நிலாவெளியில் கிளை வந்தால் அங்கே 10.2.20.0/24. லொக்கில் (நடந்தவற்றின் பதிவில்) 10.1.40.17 என்று பார்த்தவுடனே, அது உப்புவெளிக் கேமரா என்று தூக்கக் கலக்கத்திலும் தெரியும். ஒவ்வொரு வலயத்திலும் வாசல், அதாவது வலயத்தை விட்டு வெளியே போகும் வழி, எப்போதும் 1. நிலையான முகவரிகள் 2 முதல் 49 வரை. தானாகக் கொடுப்பது 100 முதல் 199 வரை.

192.168.1.0 பக்கம் போகாதீர்கள். பாதி ஊரின் வீட்டு ரூட்டர்கள் அந்த முகவரியில்தான் வருகின்றன. மனேஜர் வீட்டிலிருந்து விபிஎன் (ஹோட்டல் நெட்வேர்க்குக்குள் வரும் பூட்டிய பாதை) போட்டால், இரண்டு பக்கமும் ஒரே முகவரி என்பதால் பொட்டலம் வீட்டு நெட்வேர்க்கைத் தாண்டாது. 172.17 என்று தொடங்குவதையும் விடுங்கள். டொக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) நிறுவினால் அது தன் பாட்டில் எடுத்துக்கொள்வது 172.17.0.0/16.

விருந்தினர் வலயம் மட்டும் விதிவிலக்கு. /24 என்றால் 254 முகவரிகள். முப்பது அறை, ஆளுக்கு இரண்டு கருவி என்று கணக்குப் போட்டால் போதும் போலத் தோன்றும். ஆனால் இப்போதைய கைபேசிகள் தங்கள் உண்மையான மெக் முகவரியை (கருவியின் அடையாள எண்ணை) மறைத்துப் பொய்யானதைக் காட்டுகின்றன. சில அதை இடைக்கிடை மாற்றவும் செய்யும். மாறும்போதெல்லாம் புது ஆள் போல ஒரு முகவரி போகும். அதனால் 10.1.50.0/23 கொடுத்தேன்: 510 முகவரிகள், தானாகக் கொடுக்கும் எல்லையும் அதற்கேற்ற அகலத்தில், குத்தகைக் காலம் (ஒரு முகவரி ஒரு கருவியிடம் இருக்கும் காலம்) 2 மணி நேரம். /23 என்பது 10.1.51 ஐயும் விழுங்கிவிடும். ஆகவே 51 என்ற வீலான் எண்ணை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

படி 4: ஸ்விச்

சேர்வர் போகும் போர்ட்டும் வைஃபைக் கருவி போகும் போர்ட்டும் டிரங்க். அதாவது, சீட்டு ஒட்டிய பொட்டலங்கள் எல்லாம் போகலாம். கேமராப் போர்ட்டுகள் 40 இல் மட்டும், பில் போர்ட்டுகள் 20 இல் மட்டும். வெறுமையாகக் கிடக்கும் போர்ட்டுகளை நிறுத்திவிடுங்கள். ஒரேயொரு போர்ட்டை, மூலையில் உள்ளதை, மேலாண்மை வலயம் 10 இல் சீட்டில்லாமல் வைத்து சிவப்பு டேப் ஒட்டுங்கள். இது வீட்டுக்கு வெளியே பூச்சாடிக்குக் கீழே வைக்கும் சாவி. ஃபயர்வோல் படுத்துவிட்டால் மடிக்கணினியை இதில் குத்தி, 10.1.10.40 என்று கையால் முகவரி கொடுத்து உள்ளே போகலாம். அதனால் அந்த அறைக்குப் பூட்டும் வேண்டும்.

அமைத்து முடிந்ததும் சேமியுங்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுதலாம் போல இருக்கிறது. பல ஸ்விச்சுகளில் நீங்கள் மாற்றுவது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை மட்டும்தான். சேமிப்பு பொத்தானைத் தனியாக அழுத்தினால்தான் நிலைக்கும். நான் எல்லாம் முடித்து, சோதித்து, பிளேன்டீ குடித்து, வீட்டுக்கு வந்தேன். அன்று இரவு மழையோடு கரண்ட் போனது. காலையில் ஸ்விச் ஒன்றும் அறியாத குழந்தை மாதிரி பழைய அமைப்போடு எழும்பியிருந்தது.

படி 5: சேர்வருக்குள் பாலம்

புரொக்ஸ்மொக்ஸை நிறுவியதும் அது தானாக ஒரு பாலம் (சேர்வருக்குள் ஒரு மெய்நிகர் ஸ்விச்) செய்துகொள்ளும். அதைத் திறந்து, வீலானைப் புரிந்துகொள்ளும் விருப்பத்தில் சரி போடுங்கள். இனி ஒவ்வொரு மெய்நிகர் கணினியின் நெட்வேர்க் கார்டிலும் ஒரு எண் கேட்கும். தரவுத்தளத்துக்கு 31, வெப் பக்கத்துக்கு 30. கார்டுக்கு வெளியே சீட்டு ஒட்டுவதும் உரிப்பதும் பாலத்தின் வேலை. உள்ளே உள்ள கணினிக்கு வீலான் என்ற ஒன்று இருப்பதே தெரியாது.

சேர்வரின் சொந்த முகவரியை வீலான் 10 க்கு மாற்றும் இடத்தில்தான் ஆட்கள் வெளியே அகப்படுவார்கள். ஸ்விச் போர்ட்டில் 10 ஐ அனுமதிக்காமல் சேர்வரில் மாற்றினால், அந்த நொடியே திரை உறையும். முறை இது: முதலில் ஸ்விச்சில் பழைய சீட்டில்லாத பாதையும் புதிய 10 உம் இரண்டும் போகுமாறு விடுங்கள். பிறகு சேர்வரில் மாற்றுங்கள். புதுப் பாதையில் உள்ளே போக முடிகிறது என்று கண்ட பிறகு பழையதை வெட்டுங்கள். தூரத்திலிருந்து செய்வதானால், 10 நிமிடத்தில் பழைய கோப்பைத் திருப்பிப் போட்டு மீள ஏற்றும் ஒரு வேலையை முன்கூட்டியே நேரம் குறித்து வையுங்கள். எல்லாம் சரி என்றால் அதை ரத்து செய்யலாம். பிழைத்தால் பத்து நிமிடத்தில் தானாகப் பழையபடி வரும், மழையில் மோட்டார் சைக்கிள் எடுக்க வேண்டியதில்லை.

இரண்டு மூன்று சேர்வர்கள் இருந்தால், புரொக்ஸ்மொக்ஸ் 8.1 முதல் முழுமையாக உள்ளே வந்துவிட்ட எஸ்டிஎன் (மென்பொருளாலேயே நெட்வேர்க்கை வரையறுக்கும்) பகுதியைப் பாவியுங்கள். அங்கே வலயமும் நெட்வேர்க்கும் ஒருமுறை பெயரோடு செய்தால் எல்லாச் சேர்வரிலும் அதே பெயர் வரும். கணினி உருவாக்குபவர் 20 என்ற எண்ணை நினைவில் வைக்க வேண்டாம், பில் என்ற பெயரைத் தெரிவு செய்தால் போதும். பெயர் 8 எழுத்துக்குள் அடங்க வேண்டும். செய்து முடித்ததும் அப்ளை அழுத்தாவிட்டால் எதுவும் நடக்காது.

படி 6: ஃபயர்வோல் ஒரு மெய்நிகர் கணினியாக

எல்லா வலயமும் சந்திக்கும் ஒரே சந்தி ஃபயர்வோல். அதற்கு எண் போடாத ஒரு கார்டைக் கொடுத்து, ஃபயர்வோலுக்கு உள்ளேயே வீலான்களை உருவாக்கினேன். வலயத்துக்கு ஒரு கார்ட் என்று கொடுப்பவர்களும் உண்டு. அதில் புது வலயம் சேர்க்கும்போதெல்லாம் கார்ட் சேர்க்க வேண்டும், வரிசை குழம்பவும் கூடும்.

சின்னதாக மூன்று விடயம். விர்ட்ஐஓ என்ற வகை மெய்நிகர் கார்டோடு, ஃபயர்வோலுக்குள் வன்பொருள் செக்சம் வசதியை (பொட்டலம் பிழையில்லாமல் வந்ததா என்று கார்டே சரிபார்ப்பதை) நிறுத்தியிருக்கிறதா பாருங்கள். அது ஓடினால் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சின்னப் பொட்டலம்) போகும், பக்கம் திறக்காது, தலை சுற்றும். இரண்டாவது, கரண்ட் வந்து சேர்வர் எழும்பும்போது ஃபயர்வோல் முதலில் எழும்ப வேண்டும்: தொடக்க வரிசை 1, பிறகு ஒரு நிமிட இடைவெளி, அப்புறம் தரவுத்தளம், அதற்குப் பிறகுதான் வெப். மூன்றாவது யுபிஎஸ். 2022 இல் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை கரண்ட் போனதைப் பார்த்த நாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் யுபிஎஸ் வெறும் பெட்டியாக நிற்காமல், யுஎஸ்பி வயரில் சேர்வரோடு பேசி, பேட்டரி தீருமுன் அதை ஒழுங்காக அணைக்க வேண்டும்.

படி 7: விதிகள்

கொப்பியை மீண்டும் எடுங்கள். புதிதாகச் சேர்த்த வலயத்துக்கு விதி எதுவும் இல்லாவிட்டால் ஓபிஎன்சென்ஸ் எல்லாவற்றையும் தடுக்கும். நல்லது, அதுதான் நமக்கு வேண்டும். விதிகள் மேலிருந்து கீழே படிக்கப்படும். முதலில் பொருந்துவது வெல்லும்.

விருந்தினர் வலயத்துக்கு நான்கு வரி போதும். ஃபயர்வோலின் 53 க்கு, அதாவது பெயர் கேட்க, அனுமதி. ஃபயர்வோலின் வேறெந்தக் கதவுக்கும் தடை. 10, 172.16, 192.168 என்ற மூன்று தனியார் முகவரித் தொகுதிக்கும் தடை. மிச்ச எல்லாவற்றுக்கும் அனுமதி. இரண்டாம் வரியை விட்டவர்கள் பலர். விட்டால் விருந்தினர் அறையிலிருந்தே ஃபயர்வோலின் உள்நுழைவுப் பக்கம் திறக்கும்.

கேமராவுக்கு 123 மட்டும், அதுவும் ஃபயர்வோலை நோக்கி. முதலில் நான் அதையும் தடுத்திருந்தேன். கேமராக்கள் ஒன்றுக்கொன்று நேரம் விலகி, வாசல் கேமராவில் மாலை 4.10 இல் நுழைந்தவர் நடைபாதைக் கேமராவில் 3.52 இல் நடந்துகொண்டிருந்தார்.

விதியில் முகவரியை நேரே எழுதாதீர்கள். குசினிப்_பிரிண்டர், கார்ட்_மெஷின்கள் என்ற மாதிரிப் பெயர் கொடுத்து, அந்தப் பெயரை விதியில் போடுங்கள். பெட்டி அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் ஏற்கும், பரவாயில்லை. பிரிண்டர் மாறினால் ஒரே இடத்தில் மாற்றலாம். ஒவ்வொரு விதியின் குறிப்புப் பெட்டியிலும் ஏன் என்று ஒரு வரி. "தற்காலிகம்" என்று எழுதப்பட்ட விதி எப்போதும் நிரந்தரம், அதனால் திகதியும் சேர்த்து எழுதுங்கள்.

அலுவலக வலயத்தில் உள்ள கைபேசி வேறு வலயத்தில் உள்ள பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடிக்காது. அந்தத் தேடல் 5353 இல் அதே நெட்வேர்க்குக்குள் மட்டும் சத்தம் போடும், சுவர் தாண்டாது. அதற்காகச் சுவரை இடிக்காமல் பிரிண்டரின் முகவரியைக் கையால் அடித்துக் கொடுங்கள்.

படி 8: ஒரே வலயத்துக்குள் இருப்பவர்கள்

இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே வீலானில் இருக்கும் இரண்டு கணினிகள் ஃபயர்வோலைத் தொடாமலே கதைத்துக்கொள்ளும். 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் பரவியது இப்படித்தான்: ஒரு கணினி விழுந்தால் கோப்புப் பகிர்வுக் கதவான 445 வழியாகப் பக்கத்துக் கணினிகள். விருந்தினர் வைஃபையில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் தடுக்கும் வசதியை வைஃபைக் கருவியிலேயே போட்டுவிடுங்கள். மெய்நிகர் கணினிகளுக்கு புரொக்ஸ்மொக்ஸின் சொந்த ஃபயர்வோல் இருக்கிறது. அது வேலை செய்ய மூன்று இடத்தில் சரி போட வேண்டும்: முழுத் தொகுதிக்கும், அந்தக் கணினிக்கும், அதன் கார்டுக்கும். முழுத் தொகுதிக்கும் போடுமுன், நீங்கள் இருக்கும் முகவரியிலிருந்து 8006 க்கும் (அதன் வெப் பக்கம்) 22 க்கும் (கட்டளை அடிக்கும் வழி) அனுமதி விதி எழுதுங்கள். வேறு வலயத்திலிருந்து வருபவரை அது இயல்பாகவே வெளியே தள்ளும்.

படி 9: இரண்டாவது இடம்

நிலாவெளியில் கிளை வந்ததும் முதலாளி கேட்டது, "ரெண்டையும் ஒண்டாக்கலாமோ?" ஆக்கலாம். அதற்கென்று விஎக்ஸ்லான் இருக்கிறது. 2014 இல் வரையறுத்தார்கள், 24 பிட் எண், ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல் நெட்வேர்க்குகள், யுடிபி கதவு எண் 4789. வீலான் பொட்டலத்தை இன்னொரு பொட்டலத்துக்குள் வைத்து எந்த நெட்வேர்க் மேலும் அனுப்பும்.

ஆனால் என் கருத்து: இரண்டு ஹோட்டல்களுக்கு அது வேண்டாம். வயர்கார்ட் (ஒரு விபிஎன் மென்பொருள்) சுரங்கம் ஒன்று, அதன் மேல் 10.1 க்கும் 10.2 க்கும் சாதாரண ரூட்டிங், போதும். ஒரு பக்கத்துச் சத்தம் மறுபக்கம் போகாது. ஒன்று விழுந்தால் மற்றது நிற்கும். இரு இணைப்புக்கும் வெளியிலிருந்து அடையக்கூடிய பொது ஐபி முகவரி இல்லையென்றால், இரண்டு பக்கமும் வெளியே வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன சேர்வரை அழைக்கட்டும்.

விஎக்ஸ்லான்தான் வேண்டும் என்றால் அளவைக் கவனியுங்கள். சாதாரணப் பொட்டலம் 1500 பைட். வயர்கார்ட் இயல்பாக 1420 என்று வைத்துக்கொள்ளும். விஎக்ஸ்லான் இன்னும் 50 எடுக்கும். மிச்சம் 1370. இதை நான் அமைக்காமல் விட்டபோது பிங் போனது, பெயர் தெரிந்தது, உள்நுழைவுப் பக்கம் பாதி வெள்ளையாக நின்றது. சோதிக்க, துண்டாக்காதே என்ற குறியோடு 1342 பைட் பிங் போடுங்கள்; தலைப்புகளின் 28 ஐக் கூட்டினால் 1370. அது போய் 1343 போகாவிட்டால் கணக்குச் சரி.

படி 10: உடைத்துப் பாருங்கள்

வேலை செய்கிறதா என்று மட்டும் பார்ப்பது பாதிச் சோதனை. வேலை செய்யக் கூடாதது செய்யாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் அமர்ந்து என்மேப் (திறந்த கதவுகளைத் தேடும் கருவி) ஓட்டி 10.1.0.0/16 முழுவதையும் தட்டுங்கள். வாசலின் 53 தவிர வேறொன்றும் திறக்கக் கூடாது. கேமராப் போர்ட்டில் மடிக்கணினியைக் குத்தி இன்டர்நெட் கிடைக்கிறதா பாருங்கள். வெப் கணினியிலிருந்து தரவுத்தளத்தின் 22 ஐத் தட்டுங்கள், பதில் வரக் கூடாது. கடைசியில் மனேஜரிடம் சொல்லிவிட்டு யுபிஎஸ்ஸின் சுவர் வயரைப் பிடுங்குங்கள். பேட்டரி தீரும்வரை நின்று பாருங்கள். எல்லாம் அணைந்து, வயரைத் திருப்பிக் குத்தி, யாரும் தொடாமல் குசினியில் பிரிண்டர் சீட்டு அடித்தால்தான் அன்று வீட்டுக்குப் போகலாம்.

பிறகு

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் ஃபயர்வோல் அமைப்பையும் ஸ்விச் அமைப்பையும் கோப்பாக இறக்கி, திகதி போட்டு, அந்தச் சேர்வரில் அல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். வலய எண்கள், முகவரிகள், எந்தப் போர்ட் எதற்கு என்பவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி ரெக்கின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள். லமினேட் செய்து ஒட்டுங்கள். நான் முதலில் ஒட்டிய தாள் கடல் ஈரத்தில் இரண்டாம் மாதமே ஊதி, சிவப்பு டேப் போட்ட போர்ட்டின் எண் 16 ஆ 10 ஆ என்று தெரியாமல் போனது.